பொம்மைக்காக யாராவது அழுவாங்களா?

என் பேரன் ஏழு வயதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அன்று பதில் சொல்லத் தெரியாமல் மழுப்பிவிட்டேன். இப்போது மலருக்குக் கட்டுரை கேட்டபோது அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

2011-ஆம் ஆண்டு, டெல்லியில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. ரஜாய்க்குள் உட்கார்ந்துகொண்டு பேரன் ஒரு டிவிடியைப் போட்டான். 'அப்' என்ற கம்ப்யூட்டர் அனிமேஷன் படம், 2009-இல் வந்தது. "பொம்மைப் படந்தானே" என்று நான் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டேன். படம் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்காது, செய்தித்தாள் கீழே கிடந்தது, என் கண்ணாடி நனைந்திருந்தது. பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "தாத்தா, அது பொம்மைதானே? பொம்மைக்காக யாராவது அழுவாங்களா?" என்றான்.

என் மனைவி இறந்து அப்போது மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அவள் போன அன்று, "மனுசன் கல்லு மாதிரி நிக்கிறாரே" என்று உறவினர் என் காதுபடவே பேசினார்கள். அன்று வராத கண்ணீர், சதுர முகமும் கிழங்கு மூக்குமாக ஒரு கணினி வரைந்த கிழவனுக்காக வந்தது எப்படி? உயிருள்ள நடிகர் நடித்த படங்களை நாற்பது ஆண்டாகப் பார்த்து வருகிறவன் நான். அவை செய்யாத எதை இந்தப் பொம்மை செய்தது? இதைத்தான் இங்கே ஆராய முற்படுகிறேன்.

தொல்காப்பியர் சொல்லாத ஒன்று

நம் மரபில் உணர்ச்சியைப் பற்றிப் பேசுவதென்றால் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் தொடங்குவதே முறை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றில் அழுகை தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் குறிக்கிறார். பிறரால் இகழப்படுவது இளிவு. சுற்றத்தையோ இன்பத்தையோ பறிகொடுப்பது இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வருந்துவது அசைவு. இவற்றோடு வறுமை நான்காவது.

இந்த நான்கையும் பாருங்கள். அழுகைக்கு ஒரு நிலைமை வேண்டும் என்கிறார். உயிருள்ள முகம் வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. இழந்தது யார், மனிதனா மரப்பாவையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

எங்கள் ஊரில் சிறுவயதில் பொம்மலாட்டம் பார்த்திருக்கிறேன். அரிச்சந்திரன் கதை, மயான காண்டம். லோகிதாசன் பாம்பு தீண்டி இறந்து கிடக்கிறான், சந்திரமதி புலம்புகிறாள். எல்லாம் மரக்கட்டை. மேலே கயிறு தெரியும், ஆட்டுகிறவர் கால்கூடச் சிலசமயம் தெரியும். ஆனாலும் முன்வரிசையில் முந்தானையால் மூக்கைச் சிந்தாத பெண்பிள்ளை கிடையாது. பேரன் கேட்ட கேள்வியை அவர்களிடம் கேட்டிருந்தால், "போடா, உனக்கென்ன தெரியும்" என்றிருப்பார்கள். ஆக, பொம்மைக்காக அழுவது நமக்குப் புதிதல்ல. கயிற்றின் இடத்தில் கணினி வந்திருக்கிறது, அவ்வளவே.

விளக்குக்கு ஒரு தாய்

கணினி அனிமேஷனின் வரலாற்றிலும் இந்த உண்மை தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1986-இல் பிக்சார் நிறுவனத்தின் ஜான் லாசெட்டர் 'லக்ஸோ ஜூனியர்' என்று இரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தார். மேசை விளக்குகள் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறிய விளக்கு ஒரு பந்தோடு விளையாடுகிறது, அதன்மேல் ஏறிக் குதித்து அதை நசுக்கிவிடுகிறது, தலையைத் தொங்கப்போட்டுக்கொள்கிறது. கதை இவ்வளவுதான். கண் இல்லை, வாய் இல்லை, பேச்சும் இல்லை.

கணினி வரைகலை வல்லுநர்கள் கூடிய மாநாட்டில் அதைத் திரையிட்டார்கள். முடிந்ததும் அத்துறை அறிஞர் ஒருவர் தன்னை நோக்கி வந்தபோது, நிழல் விழும் கணக்கைப் பற்றி ஏதோ நுணுக்கமாகக் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் எண்ணினாராம். அவர் கேட்டதோ, அந்தப் பெரிய விளக்கு அம்மாவா அப்பாவா என்று! இதை லாசெட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விளக்குக்கு முகம் இல்லை என்பது அந்த அறிஞருக்கு ஒரு குறையாகவே படவில்லை. தாய் முகத்தையோ தந்தை முகத்தையோ அவரே அதில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் என் கருத்தின் மையம் இருக்கிறது. குறைவாக வரையப்பட்ட உருவத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பார்க்கிறவன் தன் சொந்தச் சரக்கைக் கொண்டுவந்து அதை நிரப்புகிறான். 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி' முழுநீளக் கணினி அனிமேஷன் படங்களில் முதலாவது. அது பொம்மைகளைப் பற்றிய கதையாக அமைந்ததற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்றைய கணினிக்கு மனிதத் தோலும் முடியும் சரியாக வராது, பிளாஸ்டிக் நன்றாக வரும். அந்தக் குறையே வரமாயிற்று.

நாலரை நிமிடத்தில் ஒரு ஆயுள்

'அப்' படத்துக்கு வருவோம். இயக்கம் பீட் டாக்டர், இசை மைக்கேல் ஜியாக்கினோ. கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த முதல் அனிமேஷன் படம் இதுவே. கார்ல் என்ற பலூன் விற்பவனுக்கும் எல்லி என்ற பெண்ணுக்கும் திருமணமாகி, அவள் முதுமையில் இறக்கும் வரையிலான கதை, ஏறக்குறைய நாலரை நிமிடத்தில், ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் சொல்லப்படுகிறது.

பழைய வீடு ஒன்றை வாங்கிச் சீர்செய்கிறார்கள். குழந்தைக்கென்று அறைக்குச் சாயம் அடிக்கிறார்கள். அடுத்து ஆஸ்பத்திரி. நமக்குக் கேட்காத ஏதோ ஒன்றை மருத்துவர் சொல்கிறார், அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பிறகு, சிறுவயதில் கனவு கண்ட தென் அமெரிக்க அருவிக்குப் போவதற்காகக் கண்ணாடி ஜாடியில் சில்லறை சேர்க்கிறார்கள். கார் டயர் வெடிக்கிறது, ஜாடி உடைகிறது. கார்லுக்குக் கால் முறிகிறது, ஜாடி உடைகிறது. மரம் சாய்ந்து கூரை பிய்கிறது, ஜாடி உடைகிறது. அவன் கழுத்தில் அவள் டை கட்டிவிடுவதை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டி ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள். கடைசியில் அவன் டிக்கெட் வாங்கிவரும்போது அவளால் குன்று ஏற முடியவில்லை. அதன்பின் ஒற்றைப் பலூனோடு அவன் வீட்டுக்குள் நுழைகிறான்.

இதில் என்ன காட்டவில்லை என்று கவனியுங்கள். அவர்கள் சண்டை போட்டார்களா, குழந்தை இல்லை என்று சுற்றத்தார் என்ன பேசினார்கள், எதுவும் இல்லை. முகங்களும் அப்படியே. கார்லின் தலை கட்டம் போலச் சதுரம், எல்லியின் முகம் வட்டம். சதுரம் நகர மறுக்கும், வட்டம் உருண்டோடும், இவ்வளவே குணச்சித்திரம். மீதியை நாம்தான் நிரப்ப வேண்டும்.

நான் எதை நிரப்பினேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி திருநெல்வேலிப் பக்கம். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, பனி விழுவதைப் பார்க்கவேண்டும். டெல்லியிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மலை. ஆனால் ஒவ்வொரு எல்.டி.சி.யும் ஊரில் ஒரு கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ செலவாகிவிடும். "அடுத்த வருசம் பாத்துக்கலாம், பனி எங்க போயிரப் போவுது" என்பாள். முப்பத்திரண்டு அடுத்த வருடங்கள். அந்தக் கண்ணாடி ஜாடி எங்கள் வீட்டில் கடுகு டப்பாவாக இருந்தது. ஒரு நடிகரும் நடிகையும் தங்கள் முகத்தோடு நடித்திருந்தால் அது அவர்கள் கதையாகவே நின்றிருக்கும். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடந்ததால் அது எங்கள் கதையாகிவிட்டது.

பாலு மகேந்திராவின் சுவர்

அப்படியானால் உயிருள்ள நடிகர் நடிக்கும் படம் தாழ்ந்ததா? இல்லவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தமிழ்ப் படம் இருக்கிறது. அதுவும் வீட்டைப் பற்றியது, அதிலும் ஒரு கிழவர் உண்டு. பாலு மகேந்திரா இயக்கி 1988-இல் வெளிவந்த 'வீடு'.

வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டதால் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்ட முனைகிறாள் வேலைக்குப் போகும் பெண் சுதா. அர்ச்சனா நடித்தார். அவளுடைய தாத்தாவாகப் பழைய நாடக மேடைக் கலைஞர் சொக்கலிங்க பாகவதர், எண்பதை ஒட்டிய வயதில். அவர் ஒருநாள் தனியாகக் கிளம்பிப் போய்ப் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கிறார். செங்கல் சுவரைக் கையால் தடவுகிறார். முகத்தில் ஒரு பூரிப்பு. வீடு முடிவதைப் பார்க்காமலே இறந்துபோகிறார். அந்தக் காட்சியிலும் வசனம் கிடையாது, இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' இசைதான் பேசுகிறது.

அக்காலத்தில் தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். எப்போது தமிழ் முறை வரும் என்று டெல்லித் தமிழர்கள் காத்துக் கிடந்த நாட்கள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்து 'வீடு' பார்த்தோம். முடிந்ததும் என் மனைவி சொன்னாள்: "அந்தப் பெரியவரு நெசமாவே செத்துப்போயிட்டாரோன்னு பயந்துட்டேன்." ஒரு விமர்சகர் பத்துப் பக்கத்தில் எழுதவேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

அதுதான் உயிர்ப்படத்தின் பலம். நம் முன்னால் இருப்பது ஒரு குறிப்பிட்ட மனிதர். அந்த நரம்பு ஓடிய கை அவருடையது. அந்தச் சுவரும் படத்துக்காக உண்மையாகவே கட்டப்பட்ட சுவர். நாம் அங்கே சாட்சி. நமக்கு நேர்ந்ததை நினைத்து அழுவதைவிட, இன்னொருவருக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்டுவிட்டோமே என்று கலங்குகிறோம். பாகவதர் இன்று இல்லை. பாலு மகேந்திராவும் 2014-இல் மறைந்துவிட்டார். இப்போது அந்தக் காட்சியைப் பார்த்தால் இழவு இரண்டு மடங்காகிறது, தாத்தாவும் போனார், அவராக இருந்த மனிதரும் போய்விட்டார். கார்லுக்கு இப்படி ஒரு சாவு இல்லை. 2021-இல் காலமான எட் ஆஸ்னர் அவனுக்குக் குரல் கொடுத்தவர்தாம். ஆனால் திரையில் நாம் பார்த்த உடம்பு அவருடையதன்று.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 'அப்' படத்தில் வீட்டைச் சுற்றிலும் பெரிய கட்டடங்கள் எழுகின்றன, கிழவனை முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அவன் பலூன்களைக் கட்டி வீட்டையே பறக்கவிடுகிறான். பறக்கும் காட்சிகளில் பலூன்களின் எண்ணிக்கை 10,297 என்றும், தரையிலிருந்து கிளம்பும் காட்சியில் 20,622 என்றும் பிக்சார் கணக்குச் சொல்லியிருக்கிறது. 'வீடு' படத்தில் அந்த மனையே அரசு கையகப்படுத்திய நிலம் என்று கடைசியில் தெரிகிறது. சுதாவுக்குப் பலூன் ஏது? கோர்ட்டு வாசல்தான். ஒரு படம் அழுகையிலிருந்து மருட்கைக்கு நம்மைத் தூக்கிச் செல்கிறது. மற்றது வறுமை என்ற நிலைக்களனில் நம்மை அசையவிடாமல் உட்காரவைக்கிறது. சிமெண்டு மூட்டையின் கனமும் காண்டிராக்டரின் புளுகும் தெரியவேண்டுமானால் உண்மைச் சுவர்தான் வேண்டும் என்பது என் துணிபு.

இரண்டுங்கெட்டான் நிலை

இந்த இரண்டு வழிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்த படங்கள் பல.

மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய இயந்திர மனிதவியல் அறிஞர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரப் பாவை மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதன்மேல் பற்றுக் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் ஏறக்குறைய மனிதன், முழுக்க மனிதன் இல்லை என்ற கட்டத்தில் அந்தப் பற்று திடீரென்று அருவருப்பாகச் சரிந்துவிடுகிறது என்றார். பிணத்தைப் பார்த்தாற்போல ஒரு உணர்வு. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானின் மரபுப் பொம்மலாட்டமான புன்ராகுவின் பாவைகளை அவர் பள்ளத்தில் தள்ளவில்லை, அதைத் தாண்டிய மேட்டில் வைத்தார். எங்கள் ஊர்ச் சந்திரமதியையும் அங்கேதான் வைத்திருப்பார்.

2001-இல் வந்த 'பைனல் ஃபேண்டஸி' படத்தின் நாயகிக்குத் தலைமுடியை மட்டும் சுமார் 60,000 இழைகளாக வரைந்தார்கள். முடி அசைந்தது, பார்த்தவர் மனம் அசையவில்லை. 2004-இல் 'போலார் எக்ஸ்பிரஸ்' படத்துக்காக டாம் ஹாங்க்ஸின் அசைவுகளைப் பதிவுசெய்து கணினி உருவங்களுக்கு ஏற்றினார்கள். அவற்றின் கண்கள் உயிரற்று இருக்கின்றன என்று விமர்சகர் பலரும் குறைப்பட்டார்கள்.

நம் தமிழிலும் இந்த முயற்சி நடந்தது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014-இல் வந்த 'கோச்சடையான்'. முன்னோடி முயற்சி, துணிச்சலான முயற்சி, அதைப் பாராட்டத்தான் வேண்டும். மகன் பார்த்திருக்கத் தந்தைக்கு மரண தண்டனை என்று கதையில் வருகிறது. தொல்காப்பியர் சொன்ன இழவு முழுமையாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் இளகவில்லை. ரஜினியின் குரல் வந்து தொட்டது, முகம் தொடவில்லை. அந்த முகத்தில் நான் என்னை வைத்துப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் அது ரஜினி. ரஜினியாகவும் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கண்ணில் அவர் இல்லை. 2009-இல் மறைந்த நாகேஷையும் அதில் உருவாக்கிக் காட்டினார்கள். திருவிளையாடல் தருமியின் உடம்பில் ஓடிய அந்த நடுக்கத்தை நேரில் பார்த்த தலைமுறைக்கு, இது படத்துக்கு மாலை போட்டு வைத்தாற்போல இருந்தது.

இதற்கு ஒரு தெளிவான சோதனையும் கிடைத்திருக்கிறது. 1994-இல் கையால் வரைந்த 'லயன் கிங்', அதே கதையை 2019-இல் ஜான் ஃபேவ்ரோ அச்சு அசல் சிங்கங்களைப் போலக் கணினியில் எடுத்தார். தொடக்கத்தில் வரும் ஒரு ஷாட் மட்டுமே கேமராவில் பிடித்தது, மற்றதெல்லாம் கணினி. இரண்டிலும் தந்தைச் சிங்கம் இறக்கிறது, குட்டி அதன் கால் அடியில் போய் ஒண்டிக்கொள்கிறது. வரைந்த குட்டிக்குப் புருவம் உண்டு, கண்ணீர் உண்டு. அசல் சிங்கத்துக்கு அது ஏது? விலங்குக் காட்சிச் சேனலைப் பார்க்கும் வியப்புத்தான் மிஞ்சியது. முதற்படத்தில் தந்தையின் சாவுக்குக் காரணமான அந்த மாட்டு மந்தை ஓடிவரும் காட்சிக்கு அப்போதே கணினியைப் பயன்படுத்தினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மந்தையைக் கணினியிடம் விட்டார்கள், கண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டாவது படம் வசூலில் குறைந்ததல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். வியப்புக்கும் விலை உண்டு, அதுவும் எட்டில் ஒன்றுதானே.

ஒரு மறுப்பும் விடையும்

"இதெல்லாம் மெஷின் வரவழைக்கிற கண்ணீர் சார், இசையைப் போட்டு நம்மை ஏமாத்துறான்" என்று சங்கத்து நண்பர் ஒருவர் வாதாடினார். இசை என்றால் 'வீடு' படத்திலும் இசைதான். மெஷின் என்பதோ அரை உண்மை. அனிமேஷன் கலைஞர்கள் மேசையில் கண்ணாடி வைத்துக்கொண்டு, தாமே முகத்தைக் கோணி, தோளைக் குறுக்கி நடித்துப் பார்த்து வரைகிறவர்கள். ஒரு வார உழைப்பில் திரையில் சில விநாடிகளே தேறும். கார்லின் தளர்ந்த நடையில் யாரோ பலருடைய தந்தையும் தாத்தாவும் இருக்கிறார்கள். கயிறு ஆட்டுகிறவர் காலை நாம் பார்க்காமல் விடுவதுபோல, அவர்களையும் நாம் பார்க்காமல் விடுகிறோம்.

ஆகவே என் முடிபு இது. உயிர்ப்படம் பிறர் துயருக்கு நம்மைச் சாட்சியாக்குகிறது. கணினிச் சித்திரம், தன் எல்லை அறிந்து நிற்கும்போது, நம் துயரையே எடுத்துவைக்க ஓர் இடம் தருகிறது. இரண்டும் நமக்கு வேண்டும். பிறருக்காக மட்டுமே அழுகிறவனுக்குத் தன் துக்கம் கல்லாகி உள்ளே கிடக்கும். தனக்காக மட்டுமே அழுகிறவனுக்குச் சுதாவின் வீடு கண்ணில் படாது.

பேரனுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது, பெங்களூரில் வேலை. அண்மையில் வந்திருந்தபோது இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ நீங்க அழுதது பொம்மைக்காக இல்ல, பாட்டிக்காகவா?" என்றான். "ஆமாண்டா" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு போனை எடுத்து, "தாத்தா, டிசம்பர்ல எனக்கு லீவு இருக்கு. மணாலிக்கு ராத்திரி பஸ் பாக்கட்டுமா?" என்று கேட்டான்.